சம்பந்தியம்மாவின் ஆட்சேபணை

அவரை எல்லோரும் ஆவி அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். சலவைக்கூடம் நடத்துகிறவர். துவைக்க வெந்நீர், உலர்த்தச் சூடு, இஸ்திரிக்கு நீராவி, எல்லாவற்றுக்கும் பாய்லரே கதி என்று முப்பது வருஷமாக ஆவியோடு வாழ்கிறவருக்கு வேறு என்ன பேர் வைப்பது? புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் நாள் அந்தப் பேரைக் கேட்டுக் கொஞ்சம் மிரளுவார்கள். "ஆவிக்கு வாழ்க்கைப்பட்ட எனக்கே பயமில்ல, உங்களுக்கென்ன" என்று அவருடைய மனைவி தேற்றுவார்.

கூடத்தின் கீழ்த்தளத்தில் துவைக்கும் இயந்திரங்களும் உலர்த்திகளும். மாடியில் நீளமான ஜன்னல்கள் வைத்த இஸ்திரி அறை. அது மனைவியின் ராஜ்ஜியம். அவரும் இன்னும் இரண்டு பெண்களும் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளையும் ஓட்டல் மேஜைத்துணிகளையும் காலையிலிருந்து மாலை வரை தேய்த்து அடுக்குவார்கள். முற்றத்துப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சந்து. சந்தின் முதல் வீடு சம்பந்தியம்மாவுடையது. மகளைக் கூப்பிடு தூரத்தில் கட்டிக்கொடுத்ததில் அண்ணனுக்குப் பெருமை. சம்பந்தியம்மா பெரிய ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு இரண்டு குடும்பத்துக்கும் அவர் வீட்டில்தான். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அது ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

பழைய டீசல் பாய்லர் அந்த வருஷம் கையை விரித்துவிட்டது. குழாய்களில் ஒட்டுக்கு மேல் ஒட்டு. சோதிக்க வந்தவர், இன்னும் ஒரு வருஷம் ஓடினால் அதிகம் என்று எழுதிவிட்டுப் போனார். அண்ணன் அங்கே இங்கே விசாரித்து, ஒரு மர அறுவை ஆலையில் ஓடிக்கொண்டிருந்த புது மாதிரி பாய்லரைப் போய்ப் பார்த்தார். மரத்தூளை அழுத்திச் செய்த கட்டைகளை எரிப்பது. கட்டை தானாக உள்ளே போகிறது, சாம்பல் தானாக வெளியே வருகிறது. பெண் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளை மாதிரி திரும்பி வந்தார். போனில் அதன் போட்டோவை வைத்துக்கொண்டு, கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் காட்டினார். வாங்குவது என்று முடிவாயிற்று.

ஆனால் வாங்கிய கையோடு பற்றவைத்துவிட முடியாது. காற்று மாசு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அவர்கள் நாற்பது பக்கத்தில் ஒரு விதிப்புத்தகம் கொடுத்தார்கள். பாய்லருக்குச் சோதனைச் சான்றிதழ் இருக்கவேண்டும், அதுவும் எரிக்கப்போகிற அதே எரிபொருளுக்கு. கட்டை காய்ந்திருக்கவேண்டும். சாயம் பூசிய மரம், பழைய பலகை எதையும் உள்ளே போடக்கூடாது. புகைபோக்கி அக்கம்பக்கத்துக் கட்டடங்களைவிட இத்தனை உயரம் இருக்கவேண்டும். இன்னும் என்னென்னவோ. அண்ணன் முதல் மூன்று பக்கம் புரட்டிவிட்டு, பாய்லர் கம்பெனி இன்ஜினியரிடம் கொடுத்துவிட்டார். இன்ஜினியர் கணக்குப் போட்டு, முற்றத்தின் மூலையில், மாடிப்படிக்குப் பக்கத்தில், ஒன்பது மீட்டர் புகைபோக்கி என்று படம் வரைந்தார். குழாய்கள் சுருக்கமாக முடிந்துவிடும் இடம் அதுதான்.

விண்ணப்பம் போட்டதும் அலுவலகத்திலிருந்து வந்து வாசல் கேட்டில், இன்ஜினியர் வரைந்த படத்தோடு, ஓர் அறிவிப்பை ஒட்டினார்கள். நூறு மீட்டருக்குள் இருப்பவர்கள் யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் இருபத்தொரு நாளுக்குள் எழுதித் தரலாம். அண்ணன் வீடு வீடாகப் போய் விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது சம்பந்தியம்மா, புகை எந்தப் பக்கம் போகும் என்று கேட்டார்.

"இதுல புகையே வராது சம்பந்தியம்மா" என்றார் அண்ணன்.

"நெருப்பில்லாம புகையாதுன்னு சொல்லிக் கேட்டிருக்கேன். நெருப்பிருந்தும் புகையாதுன்னு நீங்கதான் சொல்றீங்க" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன்தான் அதிகம் சிரித்தார்.

அடுத்த வாரமும் அதையே கேட்டார். அண்ணன் தூசியைச் சுழற்றிப் பிடிக்கிற கருவியைப் பற்றிச் சாதம் ஆறுகிற வரைக்கும் சொன்னார். சம்பந்தியம்மா கேட்டுக்கொண்டே, அவருடைய தட்டில் இன்னொரு கரண்டி சாதம் வைத்தார்.

பத்தொன்பதாம் நாள் அலுவலகத்திலிருந்து ஓர் உறை வந்தது. ஒரே ஓர் ஆட்சேபணை வந்திருப்பதாகவும் அதன் நகல் இணைக்கப்பட்டிருப்பதாகவும் மேலே ஒரு குறிப்பு. நகலைப் பார்த்ததுமே அண்ணனுக்குக் கையெழுத்து தெரிந்துவிட்டது. குண்டு குண்டாக, மருந்துச் சீட்டை யாரும் தப்பாகப் படித்துவிடக் கூடாது என்று எழுதிப் பழகிய எழுத்து. "நான் மேற்படி கூடத்துக்கு நேர் பின்னால் குடியிருப்பவள். ஒன்பது மீட்டர் புகைபோக்கிக்கு என் ஆட்சேபணையைத் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று தொடங்கியிருந்தது. முதல் பக்கம் முழுக்க முகவரியும் விண்ணப்ப எண்ணும் விதி எண்ணும். அவருக்கு மேலே படிக்க மனசில்லை. இரண்டு தாளையும் மடித்து இழுப்பறைக்குள் போட்டு அறைந்து மூடினார்.

மாடிக்குப் போய் மனைவியிடம் சொன்னார். மனைவி இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிய கையோடு அப்படியே நின்றார். பிறகு, "அக்கா காரணமில்லாம எழுத மாட்டாங்க" என்றார். அது அண்ணனுக்கு வெந்த புண்ணில் வேல் மாதிரி இருந்தது. நாலு பேர் முன்னால் கேட்க வேண்டியதை நாற்பது பேர் இருக்கிற ஆபீசுக்கு எழுதிப்போட்டால் அதற்குப் பேர் சம்பந்தமா என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் சாப்பிடப் போகவில்லை. மனைவி போனார். திரும்பும்போது அடுக்குப் பாத்திரத்தில் அவருக்குச் சாப்பாடு வந்தது. தொடமாட்டேன் என்றார். மூன்று மணிக்குத் தொட்டார். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார், யார் சாப்பிட்டது என்று தெரியாத மாதிரி. அதற்கடுத்த வாரமும் அதே கதை. மாப்பிள்ளை ஒருநாள் வந்து, அம்மாவிடம் பேசிப் பார்த்ததாகவும், அது தனக்கும் ஆபீசுக்கும் உள்ள விஷயம் என்று அம்மா சொல்லிவிட்டதாகவும் தயங்கித் தயங்கிச் சொன்னார். உங்க அம்மாவை நான் ஒன்றும் சொல்லவில்லை மாப்பிள்ளை என்றார் அண்ணன். சொன்ன விதத்திலேயே எல்லாம் இருந்தது. மகள் இரண்டு வீட்டுக்கும் நடுவே மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி வாங்கிக்கொண்டிருந்தாள்.

ஆட்சேபணை வந்தால் இடத்தை நேரில் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும் என்பது விதி. ஒரு வியாழக்கிழமை மதியம் அதிகாரி வந்தார். முப்பது வயதிருக்கும் பெண். தலைக்கவசமும் சேறு படிந்த காலணியுமாக, காரியத்தில் கண்ணாக இருந்தார். இன்ஜினியரும் வந்திருந்தார். மனைவியும் இரண்டு இஸ்திரிப் பெண்களும் இறங்கி வந்து முற்றத்தில் நின்றார்கள். சந்துப்பக்கக் கதவைத் திறந்துகொண்டு சம்பந்தியம்மா வந்தார். எவ்வளவு கோபமிருந்தாலும் வீட்டுக்கு வந்தவரை வாங்க என்று சொல்லாமல் இருக்க முடியுமா? "வாங்க" என்றார் அண்ணன், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

அதிகாரி மடக்குக் கம்பம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அதன் நுனியில், கெடுதல் செய்யாத வெள்ளைப் புகை விடுகிற ஒரு டப்பா. புகைபோக்கி வரப்போகிற இடத்தில் கம்பத்தை நிறுத்தி, சரியாக ஒன்பது மீட்டருக்கு உயர்த்திப் பிடித்தார்கள். புகை கிளம்பியது. ஒரு முழம் நேராக ஏறியது. அதற்குள் மதியக் காற்று வந்துவிட்டது. சாலைக்கு எதிர்ப்பக்கம் உயரமான சரக்குக் கிடங்கு ஒன்று இருக்கிறது. அதன் கூரையைத் தாண்டி வந்த காற்று அப்படியே சரிந்து கீழே இறங்கியது. யாரோ பிடரியைப் பிடித்து அமுக்கின மாதிரி புகை வளைந்து, இஸ்திரி அறையின் நீள ஜன்னல்களுக்குள் நுழைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று ஜன்னல். கொஞ்ச நேரத்தில் அறைக்குள் சுவர்க் கடிகாரம் தெரியவில்லை.

சம்பந்தியம்மா வீட்டுப் பக்கம் ஓர் இழைகூடப் போகவில்லை.

அண்ணனுக்கு முதலில் அதுதான் கண்ணில் பட்டது. "பார்த்துக்குங்க மேடம். அவங்க வீட்டுக்கு ஒண்ணுமே வரல. எதுக்கு இந்த ஆட்சேபணை?" என்றார்.

அதிகாரி அவரை ஒரு மாதிரி பார்த்தார். "அவங்க எழுதியிருக்கிறதும் அதுதான் சார். நகல் அனுப்பியிருந்தோமே, ரெண்டாவது பக்கம் பார்க்கலையா?"

அதிகாரி கோப்பிலிருந்து தாளை எடுத்து அவரிடம் நீட்டினார். முற்றத்தில் நின்றபடியே அவர் படித்தார்.

"என் வீட்டுக்கு இதனால் பாதிப்பு இருக்காது. சாலைக்கு எதிரே உள்ள கிடங்கு படத்தில் காட்டப்படவில்லை. மதியத்துக்கு மேல் காற்று அந்தக் கூரையிலிருந்து இறங்கி இஸ்திரி அறைக்குள்தான் போகும். என் துணிக்கொடியில் பல வருஷமாகப் பார்த்து வருகிறேன். விதிகள் அக்கம்பக்கத்தாரை நினைத்து எழுதப்பட்டவை என்பது தெரியும். ஆனால் அந்த அறையில் நாள் முழுக்க நிற்கிறவர்களும் மூச்சு விடுகிறவர்கள்தான். அவர்களில் ஒருவருக்கு ஏற்கனவே மூச்சிரைப்பு இருப்பதை, நர்சாக வேலை பார்த்தவள் என்ற முறையில் நான் கவனித்திருக்கிறேன். புகைபோக்கியை உயர்த்தி, இடம் மாற்றி வைத்தால் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. பாய்லர் நல்லபடியாக வரவேண்டும் என்பதே என் விருப்பமும்."

படித்து முடித்து நிமிர்ந்தார். அந்த அறையில் நிற்பவர்கள் மூன்றே பேர். இரண்டு பெண்களும் இருபத்தைந்து தாண்டாதவர்கள், படியை ஓடி ஏறுகிறவர்கள். மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீயா?" என்றார் அண்ணன்.

"ஒண்ணுமில்லங்க. மாடி ஏறினா கொஞ்சம் மூச்சு வாங்குது. அவ்வளவுதான்."

"முழங்கால் வலின்னு சொன்னே."

"முழங்காலும் வலிக்கத்தான் செய்யுது."

"எத்தனை நாளா?"

"போன வருஷத்திலேர்ந்து" என்றார் மனைவி.

அண்ணன் சம்பந்தியம்மாவிடம் திரும்பினார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லமாட்டேன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க உங்க வீட்டம்மா" என்றார் சம்பந்தியம்மா. "எழுதமாட்டேன்னு நான் சத்தியம் பண்ணல."

அதிகாரி சட்டென்று குனிந்து கம்பத்தை மடக்க ஆரம்பித்தார். இன்ஜினியர் கிடங்கை முதல் தடவையாகப் பார்ப்பது போல நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் இயந்திரங்களையெல்லாம் நிறுத்தின பிறகு, ஏன் மறைத்தாய் என்று அண்ணன் மனைவியிடம் கேட்டார். சண்டை போடுகிற குரலில் ஆரம்பித்து, பாதியிலேயே குரல் வேறு மாதிரி ஆகிவிட்டது. மனைவி மடித்த துண்டுகளின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"சொல்லியிருந்தா நீங்க பாய்லரே வேண்டாம்னிருப்பீங்க. அந்தப் போட்டோவைக் காட்டும்போது உங்க மூஞ்சி எப்படி இருந்துச்சு தெரியுமா? நம்ம பொண்ணு பொறந்த அன்னிக்குப் பார்த்தது. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல."

அண்ணன் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, பாய்லர் போனால் இன்னொன்று வாங்கலாம் என்று மட்டும் சொன்னார். சொல்ல வந்தது அதில்லை. மனைவிக்குப் புரிந்தது.

மறுநாளே நெஞ்சு டாக்டரிடம் போனார்கள். சம்பந்தியம்மாவும் கூட வந்து, காத்திருக்கிற பெஞ்சில் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டார். குழாயில் ஊதச் சொன்னார்கள், படம் எடுத்தார்கள். பயப்படுகிற மாதிரி இல்லை, மூச்சுக் குழாய்கள் சுருங்கியிருக்கின்றன, மருந்தை இழுத்துக்கொண்டு ஒழுங்காக இருந்தால் சமாளிக்கலாம் என்றார் டாக்டர். பல வருஷத்துத் துணிப்பஞ்சும் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து செய்த வேலை என்றார். அண்ணனுக்கு அந்த இடத்தில்தான் வலித்தது. புது பாய்லர் இன்னும் வரவேயில்லை. இத்தனை வருஷமாக அந்த ஜன்னல்களுக்குள் போனது அவருடைய பழைய பாய்லரின் புகை. டீசல் புகைபோக்கியை எத்தனை உயரத்தில் வைத்தோம் என்று நினைத்துப் பார்த்தார். ஏணி எட்டுகிற உயரத்தில்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு காரியம் செய்தார். முதலில் இஸ்திரி அறையைப் பூட்டினார். காற்றுப்படாத பக்கத்திலிருந்த தன் ஆபீஸ் அறையைக் காலி செய்து, பஞ்சை உறிஞ்சுகிற விசிறி வைத்து, இஸ்திரி மேஜைகளை அங்கே இறக்கினார். முதலாளியின் மேஜை மாடிப்படிக்குக் கீழே, சோப்புப் பீப்பாய்களுக்குப் பக்கத்தில் போயிற்று. பழைய பாய்லரை இனி காற்று திரும்புவதற்கு முன், காலையில் மட்டும் ஓட்டுவது என்று வைத்தார். அதனால் வேலை பாதியாகக் குறைந்தது. வாடிக்கையாக இருந்த இரண்டு ஓட்டல்களில் ஒன்று வேறு கூடத்துக்குப் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்காரர்கள் மட்டும், போகிற வரை போகட்டும் என்று பொறுத்துக்கொண்டார்கள்.

இரண்டாவதாக, விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அந்த நாற்பது பக்கப் புத்தகத்தை முதலிலிருந்து படித்தார். படிக்கப் போனது சம்பந்தியம்மா வீட்டுக்கு. சாப்பாட்டு மேஜையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் ஒரு வாரம் உட்கார்ந்தார்கள். இயந்திர விஷயம் வந்தால் அண்ணன் விளக்குவார், உடம்பு விஷயம் வந்தால் சம்பந்தியம்மா விளக்குவார். கண்ணுக்குத் தெரிகிற தூசியை மூக்கே பிடித்து நிறுத்திவிடும், கண்ணுக்குத் தெரியாததுதான் நுரையீரலின் அடிவரைக்கும் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று சம்பந்தியம்மா சொன்னபோது, அண்ணன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். விதியெல்லாம் ஆபீசுக்காரன் ஆளை அலைக்கழிக்க எழுதினது என்றே தான் இவ்வளவு நாள் நினைத்திருந்ததாகச் சொன்னார். கொஞ்சம் அப்படியும் இருக்கும், அதைத் தள்ளிவிட்டு மிச்சத்தைப் படியுங்கள் என்றார் சம்பந்தியம்மா.

இரண்டாவது விண்ணப்பத்தில் எல்லாம் மாறியிருந்தது. பாய்லர் முற்றத்தின் மறுகோடிக்குப் போனது. சுழற்றித் தூசி பிடிக்கிற கருவி போதாதென்று, அதற்குப் பின்னால் துணிப்பைகள் வைத்த வடிகட்டி ஒன்று. கட்டை நனையாமல் இருக்க, கூரை போட்ட தனி அறை. கிடங்கையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் புகைபோக்கி பதின்மூன்று மீட்டர் போதும் என்றார் இன்ஜினியர். பதினைந்து போடுங்கள் என்றார் அண்ணன். விதிக்குப் பதின்மூன்றே போதுமே சார் என்றார் இன்ஜினியர் மறுபடியும்.

"விதிக்குப் போதும் தம்பி. எனக்குப் போதாது."

மறுபடி அறிவிப்பு, மறுபடி இருபத்தொரு நாள். இந்தத் தடவை ஆட்சேபணை எதுவும் வரவில்லை. அனுமதி வருவதற்கும் பாய்லரை நிறுவுவதற்கும் நாலு மாதம் பிடித்தது. முதல் நாள் பற்றவைத்தபோது அண்ணன் முற்றத்தில் நின்று புகைபோக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் வரவில்லை. அணைந்துவிட்டது என்று நினைத்து உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தால் கட்டைகள் செக்கச்செவேல் என்று எரிந்துகொண்டிருந்தன. வெளியே வந்து மறுபடி பார்த்தார். புகைபோக்கி வாயில் காற்று மட்டும் கானல் மாதிரி நெளிந்துகொண்டிருந்தது. அதிகாரி ஏற்பாடு செய்திருந்த ஆட்கள் ஏணியில் ஏறி, குழாய்க்குள் கம்பி விட்டு அளந்தார்கள். அனுமதித்த அளவில் மூன்றில் ஒரு பங்குதான் தூசி இருந்தது. வருஷா வருஷம் இதே மாதிரி அளக்கவேண்டும் என்று அதிகாரி சொன்னார். தாராளமாக வாங்க மேடம், ஆறு மாதத்துக்கு ஒருமுறைகூட வாங்க என்றார் அண்ணன்.

அந்த வாரம் ஆஸ்பத்திரியில் அவசரமாக விரிப்புகள் கேட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் கூடம் ஓடியது. சம்பந்தியம்மா சாப்பாட்டைக் கூடத்துக்கே கொண்டுவந்துவிட்டார். எல்லோரும் முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மகளும் மாப்பிள்ளையும் முதல் சுமையை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். மனைவி, கொஞ்சம் சாய்ந்திருக்கிறேன் என்று நாற்காலியில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். அண்ணன் பக்கத்தில் போய் நின்று, மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். இந்த நாலு மாதத்தில் அது அவருக்குப் பழக்கமாகிவிட்டது.

மிச்சமிருந்த விரிப்புகளை அவரும் சம்பந்தியம்மாவும் மடித்தார்கள். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, விலகிப் போய் உதறி, நெருங்கி வந்து முனையோடு முனை சேர்த்து. சத்தம் போடாமல் உதறினார்கள். ஆறேழு விரிப்பு மடித்த பிறகு அண்ணன் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அந்த ரெண்டு ஞாயித்துக்கிழமை நான் வரலையே, என் மேல கோபமா இருந்தீங்களா?"

"கோபமெல்லாம் இல்ல சம்பந்தி. உங்களுக்கும் சேர்த்துத் தட்டு வச்சுட்டேன். அப்புறம் எடுத்து அலமாரியில வைக்கும்போதுதான் கஷ்டமா இருந்துச்சு."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த விரிப்பை எடுத்தார். அவசரத்தில் அவர் பக்கத்து முனை ஒரு விரல்கடை இறங்கிவிட்டது. சம்பந்தியம்மா அந்த முனையைக் கண்ணால் காட்டினார். அவர் பிரித்து, உதறி, மறுபடி முதலிலிருந்து மடித்தார்.